இலவச மாத்திரையின் விலை

பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தைப் பத்திப் பேச என்ன தகுதின்னு கேட்டீங்கன்னா, ஒரு தகுதியும் இல்லை. ஆனா நோயாளி ஆகறதுக்கு நீட் எழுத வேண்டியதில்லையே, அந்த உரிமையில எழுதறேன். வழக்கமா இங்கே சினிமா, ஐ.பி.எல்., பரீட்சைப் புலம்பல்னு படிக்க வர்றவங்க இந்த ஒரு தடவை பொறுத்துக்கோங்க :-)

விஷயம் இதுதான். டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு நோயைப் பத்தி மட்டும் சொல்லிக் கொடுத்தாப் போதாது, அந்த நோய் வர்றதுக்கும் வந்தது போகாம இழுத்தடிக்கிறதுக்கும் காரணமா இருக்கிற வேலை, வருமானம், வீடு, தண்ணி, சாதி, படிப்பு எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கணும்னு ரொம்ப காலமா பேசிட்டு வர்றாங்க. நம்ம நாட்டுல சுதந்திரத்துக்கு முன்னாடியே, 1946-ல வந்த போர் கமிட்டி அறிக்கையிலேயே (சண்டை இல்லீங்க, ஜோசப் போர்ங்கிறவர் தலைமையில நடந்த கமிட்டி) 'சமூக மருத்துவர்' உருவாகணும்னு சொல்லியாச்சு. சமுதாய மருத்துவம்னு தனிப் பாடமே இருக்கு. அதனால 'சொல்லிக் கொடுக்கிறதே இல்லை'ன்னு நான் சொன்னா அது பொய். என் குறை வேற. சொல்லிக் கொடுக்கிற இடம் தப்பு. பரீட்சையில கேக்கிற கேள்வி அதைவிடத் தப்பு.

அரசு மருத்துவக் கல்லூரியில படிக்கிற பள்ளித் தோழன் ஒருத்தன் லீவுக்கு வந்திருந்தான். சமுதாய மருத்துவத்துக்குத் தலையணை மாதிரி ஒரு புத்தகம் வச்சிருக்கான். 'பார்க்'னு ஆசிரியர் பேராலேயே கூப்பிடுறாங்க, நாங்க கணக்குப் புத்தகத்தை 'ரெட்டி மூர்த்தி'ன்னு கூப்பிடுற மாதிரி. பேச்சுவாக்குல குப்புசாமி ஸ்கேல்னு ஒண்ணைப் பத்திச் சொன்னான். 1976-ல வந்ததாம். குடும்பத் தலைவரோட படிப்புக்கு இவ்வளவு மார்க், தொழிலுக்கு இவ்வளவு, குடும்பத்தோட மாச வருமானத்துக்கு இவ்வளவுன்னு போட்டுக் கூட்டணும். மொத்தம் 29. வர்ற கூட்டுத்தொகையை வச்சு அந்தக் குடும்பம் அப்பர், அப்பர் மிடில், லோயர் மிடில், அப்பர் லோயர், லோயர்னு அஞ்சுல ஒரு பெட்டிக்குள்ள போயிடும். விலைவாசி ஏற ஏற வருமான வரம்பைத் திருத்திக்கிட்டே இருக்கணும், அதுக்கு நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணைப் பயன்படுத்துறாங்க. எங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர்ல உசுரை வாங்குற அதே சி.பி.ஐ.! எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனா அடுத்து ஒரு கேள்வி கேட்டேன். "சரி, ஒருத்தர் அப்பர் லோயர்னு கண்டுபிடிச்சுட்ட. அதுக்கப்புறம் அவருக்கு எழுதுற மருந்துச் சீட்டுல என்ன மாறும்?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "ஒண்ணும் மாறாதுடா. அது பி.எஸ்.எம். வைவா. மருந்துச் சீட்டு மெடிசின் டிபார்ட்மெண்ட்."

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பத்தித்தான். எங்க பாஷையில சொன்னா, வவுச்சர் போட்டாச்சு, லெட்ஜர்ல ஏத்தவே இல்லை.

எங்க தெருமுனையில இஸ்திரி வண்டி போட்டிருக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம்.) அவருக்குப் பத்து வருஷமா சர்க்கரை. போன வருஷம் வலது பாதத்துக்கு அடியில, பெருவிரலுக்குக் கீழே, ஒரு புண். வலி இல்லாததால ரெண்டு வாரம் கவனிக்கவே இல்லை, சர்க்கரைக்காரங்களுக்குக் கால் மரத்துப் போயிடும் இல்லையா. அரசு மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் சரியாத்தான் சொன்னாங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாத்திக்கணும், மாத்திரை விடாம சாப்பிடணும், முக்கியமா அந்தக் காலை ஊனக் கூடாது. எல்லாம் இலவசம்.

இப்ப கணக்கு. துணிக்கு 10 ரூபாய், நாளைக்கு ஒரு 80 துணி. 800 ரூபாய். கரிக்கு 150 போனா கையில 650. மாசத்துக்கு 26 நாள் வேலைன்னா 16,900. அதுலதான் வாடகை, ரெண்டு பிள்ளைங்க படிப்பு, எல்லாம். கட்டு மாத்தப் போனா காலை எட்டு மணிக்குப் போய் வரிசையில நின்னு திரும்ப ஒரு மணி. ஆபீஸ் போறவங்க துணி கொடுக்கிற, வாங்குற நேரமே அதுதான். ஆக அரை நாள் போச்சு, 325 ரூபாய். பஸ்ஸுக்குப் போக வர 20. (2021-லிருந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அக்கா போனா இலவசம், ஆனா புண் இருக்கிறது அண்ணன் கால்ல.) ஒரு தடவைக்கு 345. மாசத்துக்குப் பதினஞ்சு தடவைன்னா 5,175. மாச வருமானத்துல முப்பது சதவீதத்துக்கு மேல!

இதைத்தான் எங்க பாடத்துல வாய்ப்புச் செலவுன்னு சொல்லித் தர்றாங்க. பில்லுல வராது, ரசீது கிடைக்காது, ஆனா போனது போனதுதான். மருத்துவமனைக் கணக்குல அந்தச் சிகிச்சையோட விலை பூஜ்யம், அண்ணன் கணக்குல 5,175.

இதெல்லாம் காலை ஊனாம இருந்தா. இஸ்திரி போடறவர் எப்படிங்க காலை ஊனாம இருப்பார்? அஞ்சாறு கிலோ பெட்டியை அழுத்தித் தேய்க்கும்போது மொத்த பாரமும் எந்தக் கால்ல இறங்கும்? நான் நின்னு பார்த்தேன், வலது காலை முன்னாடி வச்சுத்தான் அழுத்துறார்.

மூணு வாரம் ஒழுங்காப் போனார். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் புண்ணு ஆழமாகி எலும்பு வரைக்கும் போய், பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. டிஸ்சார்ஜ் சம்மரியை நான்தான் அக்காவுக்குப் படிச்சுச் சொன்னேன். அதுல ஆங்கிலத்துல, சிகிச்சைக்குச் சரியா ஒத்துழைக்கலைன்னு அவரைப் பத்தி ஒரு வரி. அதுக்கு நாலு வரி மேலே, தொழில்: இஸ்திரின்னும் எழுதியிருந்தது. ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் படிக்க அங்கே யாருக்கும் யாரும் சொல்லித் தரலை.

அந்த டாக்டர்கள் மேல எனக்குக் கோபம் இல்லைங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட ஓடிவந்து பார்த்தாங்க. அவங்க படிச்ச படிப்புல, தொழில்ங்கிறது மார்க் போடற ஒரு கட்டம். அவ்வளவுதான்.

இதுக்கு நேர்மாறா ஒருத்தர் நம்ம வேலூர்லயே இருந்தார். பால் பிராண்ட். சி.எம்.சி.யில தொழுநோயாளிகளோட கைகால்களுக்கு அறுவை சிகிச்சை செஞ்சவர். அந்தக் காலத்துல தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுந்துடும்னுதான் டாக்டர்களே நம்பினாங்க. இவர் நோயாளிங்க வேலை செய்யும்போது பக்கத்துல இருந்து பார்த்தார். உணர்ச்சி இல்லாத கையால கருவியை அளவுக்கு மீறி அழுத்திப் பிடிக்கிறாங்க, சூடான பாத்திரத்தைத் தூக்கறாங்க, காயம் பட்டது தெரியாம அதே கையால திரும்ப வேலை செய்யறாங்க. விரலைக் கெடுக்கிறது நோய் மட்டும் இல்லை, வேலையும்தான். அதனால கருவிகளோட கைப்பிடியை மாத்தறது, தினமும் கைகாலைப் பார்த்துக்கச் சொல்றது, பாதத்துக்கு ஏத்த மெத்துன்னு ரப்பர் செருப்புன்னு வைத்தியமே மாறிச்சு. அவங்களுக்கு மரவேலை மாதிரித் தொழில் கத்துக்கொடுக்க ஒரு மையமே ஆரம்பிச்சார். பின்னாடி அமெரிக்கா போய், இங்கே தொழுநோய்ப் புண்ணுல கத்துக்கிட்டதையே சர்க்கரைக்காரங்க கால் புண்ணுக்கும் பயன்படுத்தினார். கவனிங்க, 'தொழில் என்ன?'ன்னு கட்டம் நிரப்பலை அவர். வேலை செய்யற இடத்தைப் போய்ப் பார்த்தார், வைத்தியத்தை மாத்தினார்.

சரி, ஒரு இஸ்திரிக்காரர் கதையையும் ஒரு மேதை கதையையும் வச்சுப் பாடத்திட்டத்தை மாத்தச் சொல்றியான்னு கேட்பீங்க. நியாயம். காசநோயை எடுத்துக்குவோம். அதுல ரெண்டு பெரிய ஆய்வு இருக்கு, மேலோட்டமாப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கும். அதுதான் எனக்குப் பிடிச்சது.

முதல் ஆய்வு நம்ம சென்னையில நடந்தது. 1956-ல சேத்துப்பட்டுல தொடங்கின காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம். அதுவரைக்கும் காசநோய்னா சானடோரியம், ஒரு வருஷம் படுக்கை ஓய்வு, பால், முட்டை. இங்கே நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேரைச் சானடோரியத்துல வச்சு, பாதிப் பேரை அவங்கவங்க வீட்டுலயே வச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மருந்தைக் கொடுத்தாங்க. வீட்டுல சாப்பாடு மோசம், இட நெருக்கடி, பலர் வேலைக்கும் போனாங்க. 1959-ல முடிவு வெளியாச்சு. வீட்டுல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாயிருந்தாங்க. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு வருஷம் குடும்பத்தை விட்டுப் படுத்துக் கிடக்க ஏழைக்கு வழி இல்லைங்கிறதை யோசிச்சு நடத்தின ஆய்வு அது. ஆனா அதுலிருந்து உலகம் எடுத்துக்கிட்ட பாடம், மருந்து இருந்தாப் போதும், சாப்பாடு ஒரு பொருட்டில்லைங்கிறது.

ரெண்டாவது, 2023-ல வெளியானது. 'ரேஷன்ஸ்'னு பேர். டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழுவினர் ஜார்கண்டுல நாலு மாவட்டத்துல நடத்தினாங்க. 2,800 காசநோயாளிகள், அவங்க வீட்டுல கூட இருக்கிற பத்தாயிரத்துக்கும் மேலான ஆட்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பை கொடுத்தாங்க. வீட்டாள்கள்ல ஒரு பிரிவுக்கு மட்டும் மாசாமாசம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தாங்க. அப்படிக் கொடுத்த வீடுகள்ல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம். எந்தப் புது மருந்தும் இல்லை, அரிசியும் பருப்பும்!

ரெண்டும் மோதலைன்னு எனக்குத் தோணுது. சென்னை ஆய்வு கேட்டது, நோய் வந்தவர் வீட்டுல இருந்தபடியே குணமாக முடியுமான்னு. ஜார்கண்ட் ஆய்வு கேட்டது, அந்த வீட்டுல இன்னும் நோய் வராதவங்களை எப்படிக் காப்பாத்தறதுன்னு. ஒரு மருத்துவ மாணவர் இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா, 'வறுமை நோய்க்குக் காரணம்'னு ஒரு வரி எழுதிட்டு ரெண்டு மார்க் வாங்கறதைவிட ஆயிரம் மடங்கு கத்துக்குவார். எங்கே சாப்பாடு முக்கியம், எங்கே மருந்தே போதும், யாருக்கு எதுன்னு யோசிக்க வேண்டி வரும். அரசாங்கமும் யோசிச்சிருக்கு. காசநோயாளிக்கு மாசம் 500 ரூபாய் 2018 ஏப்ரல்ல ஆரம்பிச்சாங்க, 2024 நவம்பர்லிருந்து 1,000 ஆக்கியிருக்காங்க.

இதுல இன்னொரு வேடிக்கை. காசநோய் மருந்தைப் பாதியில விட்டவங்களை ரொம்ப வருஷமா 'டிஃபால்டர்'னு எழுதிட்டிருந்தாங்க. எங்க பேங்கிங் பேப்பர்ல கடனைக் கட்டாம ஏமாத்தறவனுக்குப் பேரு அது. 2013-ல உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை எடுத்துட்டு, தொடர்பு விட்டுப்போனவர்ங்கிற அர்த்தத்துல மாத்திச்சு. சொல்லு மாறிச்சு. அண்ணனோட டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தா மனசு மாறின மாதிரித் தெரியலை.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால ஒண்ணு. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு எல்லா டாக்டரும் சொல்றது, "சோத்தைக் குறைங்க, காய்கறி, பயறு நிறையச் சேர்த்துக்கோங்க." தமிழ்நாட்டுல அரிசி அட்டை இருந்தா 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும், மாசத்துக்கு ஒரே ஒரு கிலோ. காய்கறி சந்தை விலை. அதாவது குறைக்கச் சொன்னது இலவசம், கூட்டச் சொன்னதுக்குக் காசு. இலவச அரிசியைக் குறை சொல்லலை, பசியை விரட்டினது அதுதான். அந்த ஆலோசனையைச் சொல்றவருக்கு இந்த விலைப்பட்டியல் தெரிஞ்சிருக்கணும்னுதான் சொல்றேன். தெரிஞ்சா, "ஒரு கரண்டி சோத்தைக் குறைச்சுட்டு, இந்த மாசம் கீரையா வாங்குங்க"ன்னு செய்ய முடிஞ்சதைச் சொல்ல வரும்.

இதுக்கு முன்னோடி யாருன்னு தேடினப்ப ஒரு பேர் வந்தது. ரூடால்ஃப் விர்ச்சோ. நண்பன்கிட்ட சொன்னதும், "விர்ச்சோஸ் நோட், விர்ச்சோஸ் ட்ரையட்"னு ஒப்பிச்சான். கழுத்துல வர்ற ஒரு கட்டி, ரத்தம் உறையறதுக்கு மூணு காரணம். அதே ஆள்தான். 1848-ல, 26 வயசுல, இப்ப போலந்துல இருக்கிற மேல் சைலீசியாவுல டைஃபஸ் பரவினப்ப (டைஃபாய்டு இல்லை, பேன் மூலமாப் பரவற வேற காய்ச்சல்) பிரஷ்ய அரசாங்கம் அவரை அனுப்பிச்சு. போனவர் பட்டினியையும் நெருக்கடியையும் பார்த்துட்டு, இதுக்கு மருந்து ஜனநாயகமும் கல்வியும், ஏழைகள் மேல இருக்கிற வரியை மாத்தறதும், அந்த ஜனங்க பேசற போலிஷ் மொழியில நிர்வாகம் நடத்தறதும்தான்னு அறிக்கை எழுதினார். அடுத்த வருஷமே பெர்லின்ல அவர் வேலைக்கு ஆபத்து வந்து வேற ஊருக்குப் போக வேண்டியதாச்சு. அவர் பேர்ல இருக்கிற கட்டி பாடத்துல இருக்கு. அந்த அறிக்கை, என் நண்பன் கேள்விப்பட்டதில்லை.

சரி, என்னதான் பண்ணணும்ங்கிற?

2022-லிருந்து தேசிய மருத்துவ ஆணையம் ஒரு நல்ல விஷயம் கொண்டுவந்திருக்கு. முதல் வருஷத்துலிருந்தே ஒவ்வொரு மாணவரும் கிராமத்துல சில குடும்பங்களைத் தத்தெடுத்து அடிக்கடி போய்ப் பார்க்கணும். யோசனை அருமை. காலேஜ் பஸ்ல போய் இறங்கி, பி.பி. பார்த்து, ஃபாரம் நிரப்பிட்டு, டீ குடிச்சுட்டு வர்றதோட அது முடிஞ்சா வீண். அந்தக் குடும்பத்தோட ஒரு மாச வரவு செலவை மாணவர் உட்கார்ந்து எழுதணும். எந்த நாள் வேலை இருந்தது, எந்த நாள் இல்லை, தண்ணி பிடிக்க எத்தனை மணி நேரம், கந்து வட்டிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்குப் போன நாள் யார் கூலி போச்சு. எங்களுக்கு முதல் செமஸ்டர்ல வர்ற வரவு-செலவுக் கணக்கு அது, கஷ்டமே இல்லை. கண்ணியமா, சம்மதம் கேட்டு எழுதணும், அது முக்கியம்.

இதைவிட முக்கியம் அடுத்தது. மெடிசின் வார்டுல, சர்ஜரி வார்டுல மாணவர்கள் கேஸ் சொல்வாங்க இல்லையா, அங்கேயே ஒரு கேள்வி கேக்கணும். "நீ சொன்ன இந்தச் சிகிச்சையைக் கடைப்பிடிக்க இந்த நோயாளிக்கு என்ன செலவாகும்? அவரால முடியலைன்னா வேற என்ன செய்வே?" கேக்கிறவர் மெடிசின் பேராசிரியரா இருக்கணும், மார்க்கும் அங்கேயே போடணும். பி.எஸ்.எம். ஆசிரியர்கள் எவ்வளவு நல்லாச் சொல்லிக் கொடுத்தாலும், வார்டுல பெரிய டாக்டர் கேக்காத விஷயம் தேவையில்லாத விஷயம்னுதான் இருபது வயசுப் பையனும் பொண்ணும் புரிஞ்சுக்குவாங்க. ஆடிட் நடக்கிற கணக்கைத்தான் ஒழுங்கா எழுதுவாங்க, இது எங்க டிபார்ட்மெண்ட்ல எழுதப்படாத சட்டம்.

நண்பன் ஒத்துக்கலை. ஓ.பி.யில ஒரு காலையில நூத்துக்கு மேல ஆட்கள், ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம், இதுல வரவு செலவா கேக்க முடியும்னான். வாஸ்தவம். ஆனா "என்ன வேலை? நின்னா, உக்காந்தா?"ன்னு கேக்க அஞ்சு விநாடி. அதைக் கேட்டிருந்தா அண்ணனுக்கு ஒரு உயரமான ஸ்டூல் போட்டு வேலை செய்யச் சொல்லியிருக்கலாம். பாரம் படாத செருப்புக்கு எழுதியிருக்கலாம். கட்டு மாத்தறதைப் பக்கத்துத் தெரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திவிட்டிருக்கலாம், இல்லை அக்காவுக்கே கத்துக்கொடுத்திருக்கலாம். இதுக்கெல்லாம் புரட்சி வேண்டாம். 2021 ஆகஸ்டுல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்குது. ஆஸ்பத்திரி இலவசமா இருந்தாலும் அங்கே போய் வர்றதுக்கு விலை இருக்குங்கிறதை அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி. பாடத்திட்டம் ஒத்துக்க என்ன தயக்கம்?

இன்னொண்ணு சொன்னான், அதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. "இதை மோசமாச் சொல்லிக் கொடுத்தா இன்னும் மோசமாயிடும்டா. படிப்பறிவு இல்லை, மூடநம்பிக்கை, சுத்தம் இல்லைன்னு எழுதிட்டு வர ஒரு கட்டம் கூடுதலாக் கிடைக்கும், அவ்வளவுதான்." உண்மைதான். சமூகக் காரணம்னு ஆரம்பிச்சு நோயாளி மேலயே பழியைப் போட்டு முடிக்கிறது சுலபம். கணக்கா எழுதச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். 'அறியாமை'ன்னு ஒரு தலைப்பு எந்தப் பேரேட்டுலயும் கிடையாது. 345 ரூபாய்ங்கிறது யாரையும் திட்டாது.

மருத்துவம் படிக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா சொல்லுங்க, உங்க காலேஜ்ல வார்டுல இந்தக் கேள்வியைக் கேக்கிற பேராசிரியர் யாராவது இருக்காங்களா? தத்தெடுத்த குடும்பத்தோட வரவு செலவை எழுதிப் பார்க்கிறதா இருந்தா, எந்தத் தலைப்புல எதைப் போடறதுன்னு என்கிட்ட கேளுங்க. அது மட்டும் எனக்குத் தெரியும்.